வெள்ளிக்கிழமை மிச்சம்

வரதராஜன்பேட்டை
22.02.2026, ஞாயிறு

ஷாலினி அப்பாவுக்கு,

அனிதா மேரி எழுதுவது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். உங்கள் நம்பரை பிளாக் பண்ணியது கோபத்தில்தான். இப்போதும் எடுக்கப் போவதில்லை. போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே நாம் கத்துகிறோம், பாப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். தாளில் கத்தினால் அவளுக்குக் கேட்காது.

நேற்று ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி போட்டாயிற்று. வருகிற புதன் மூன்றாவது, மார்ச் பதினெட்டில் நாலாவது. நாய் கடித்தது பத்தாம் தேதி. நமக்குத் தெரிந்தது பதினெட்டாம் தேதி, சாம்பல் புதன் பூசைக்குக் கிளம்ப அவள் சாக்ஸைக் கழற்றியபோதுதான். நடுவில் எட்டு நாள், பன்னிரண்டு வயசுப் பிள்ளை, கெண்டைக்காலில் நாலு பல் பதிந்த இடத்தில் மஞ்சள்தூளை அப்பிக்கொண்டு சாக்ஸை மேலே இழுத்து விட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "ஊசிக்கு எவ்ளோ ஆகும் சார்?" என்றீர்கள். நர்ஸம்மா "இங்க காசே கிடையாதுங்க" என்று சொன்னார்கள். உடனே பாப்பா என் பக்கம் திரும்பி, "ஃப்ரீன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேம்மா" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பிள்ளைக்குக் காசின் அருமை தெரியவேண்டும் என்று ஒரு திட்டம் போட்டீர்களே. வாரம் நூற்று முப்பது ரூபாய். ஷேர் ஆட்டோவுக்கு நூறு, தின்பண்டத்துக்கு முப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் எவ்வளவு மிச்சமோ அதே அளவு நீங்களும் போடுவீர்கள். போன தீபாவளியிலிருந்து இதுதான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் அவளை நடுவீட்டில் நிறுத்தி எண்ணச் சொல்லிக் கைதட்டுவீர்கள். நானும் சேர்ந்து தட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பது ரூபாய் தின்பண்டக் காசில் எண்பது, தொண்ணூறு எப்படி மிஞ்சும்? மெஷின் வாடகையை நிமிஷக் கணக்கில் வாங்குகிற ஆள் நீங்கள். இந்தக் கணக்கு மட்டும் உங்களுக்கு இடிக்கவில்லையா? ஆட்டோவில் போயிருந்தால் அந்த நாய் அவளை ஏன் கடிக்கிறது?

இப்போது ஒரு வேலை இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். எட்டு நாள் தாமதமானதால் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. "கடிச்ச நாய் உசுரோட இருக்கான்னு பாருங்க. பத்து நாள் தாண்டியும் நல்லா இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல" என்கிறார். செத்திருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழுப்பு நாய், இடது காது பாதி இல்லை, கழுத்தில் சிவப்பு நைலான் கயிறு. திருப்பத்து டீக்கடைக்கு எதிரே கடித்ததாம். நாய் கிடைத்தால் ஆனந்த் அண்ணனுக்கு உடனே போன் போடுங்கள். மற்றதையெல்லாம் தாளில் எழுதுங்கள்.

அனிதா


வேப்பந்தட்டை
26.02.2026

அனிதாவுக்கு செபஸ்டின் எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு அன்று மெஷினைக் கிளப்பவில்லை. நேற்று மூன்றாவது ஊசி போட்டதாக உன் அண்ணன் சகாய ஆனந்த் சொன்னார். அவர் ஒரு வார்த்தைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. பரவாயில்லை.

நான் எவ்வளவு என்று கேட்டது உண்மை. அது என் வாயில் பழகிப்போன வார்த்தை. நம்முடையது மக்காச்சோளம் அடிக்கிற மெஷின். தையிலிருந்து பங்குனி வரை ஓடும், அதற்குப் பிறகு ஷெட்டில் நிற்கும். மூன்று மாசம் சம்பாதித்ததைப் பன்னிரண்டு மாசம் சாப்பிடுகிறோம். என் அப்பாவுக்கு இது தெரியவில்லை. பருத்தி நல்ல விலை போன வருஷம் கையைத் திறந்து விட்டார், இரண்டு ஏக்கர் போயிற்று. என் பிள்ளை அப்படி ஆகக்கூடாது என்று நினைத்தது குற்றமா? ஊரில் அவனவன் பிள்ளைக்குப் போனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுகிறான். நான் எண்ணக் கற்றுக் கொடுத்தேன்.

சரி, நாய் விஷயம். டீக்கடைக் கொளஞ்சியம்மாளிடம் கேட்டேன். "நாயெல்லாம் நான் வளக்கலீங்க சார், ரோட்டு நாயி வரும் போவும்" என்று சொல்லிவிட்டது அந்த அம்மா. தண்ணீர் டேங்குப் பக்கம் பள்ளத்தில் ஒரு நாய் போன வாரம் செத்துக் கிடந்ததாம். பஞ்சாயத்து ஆள் பூவரசன்தான் புதைத்தான். "பழுப்பாத்தான் இருந்துச்சுண்ணே, காதெல்லாம் நான் எங்க பாத்தேன், ஒரே நாத்தம்" என்கிறான். கயிறு இருந்ததா என்று கேட்டேன். தெரியாது என்கிறான். மறைக்காமல் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இன்னும் தேடுகிறேன்.

ஒன்று நானும் கேட்கலாமா? நான் காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவன். நீ வீட்டிலேயே உட்கார்ந்து துணி தைக்கிறவள். பிள்ளை கடிபட்டு ரத்தத்தோடு வந்தபோது நீ எங்கே இருந்தாய்?

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் பரீட்சை.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
01.03.2026

ஷாலினி அப்பாவுக்கு,

இன்லேண்டு லெட்டரில் ஓரம், மடிப்பு, பசை ஒட்டும் இடம்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பாதி எழுத்து கிழிந்துபோய் வந்தது. பிள்ளையின் உயிரைப் பற்றி எழுதும்போதாவது இன்னொரு தாள் வாங்கக்கூடாதா?

செத்த நாயின் காதைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு நீங்கள் தூங்கிவிட்டீர்கள். நான் தூங்கவில்லை.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது ஊசி போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். நல்ல வெயில். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. "பாட்டில் வாங்கறேன், குடிடி" என்றேன். "வேணாம்மா" என்றாள். உதடு காய்ந்திருக்கிறது, முகம் வாடியிருக்கிறது, தண்ணீர் வேண்டாம் என்கிறாள். வெறிநாய்க் கடிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். வாங்கி மூடியைத் திறந்து வாய்க்கிட்டே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் அலறினதில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அப்போது சொல்கிறாள், "ஏம்மா கத்துற, இருவது ரூவாம்மா அது. வூட்டுக்குப் போயி குடிச்சிக்கலாம்னு சொன்னேன்."

அப்புறம் மடக் மடக்கென்று முழுப் பாட்டிலையும் குடித்தாள்.

புரிகிறதா? நோய் எது, நீங்கள் சொல்லிக் கொடுத்த பாடம் எது என்று பெற்றவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தினமும் இதே கதைதான். வடை வேண்டாம், பால் வேண்டாம் என்கிறாள். தவக்காலம், பிள்ளை பிடித்ததையெல்லாம் விட்டு ஒறுத்தல் செய்கிறாள் என்று என் அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமை பேசுகிறார்கள். எனக்கல்லவா தெரியும். அண்ணன் மகள் விண்ணரசி ஐஸ் வாங்கிக் கொடுத்தால் "இது எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். விண்ணரசிக்கு ஒன்பது வயசு, அவள் அழுதுவிட்டாள்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் எழுத முடியாது. நாயைக் கண்டுபிடியுங்கள்.

அனிதா


வேப்பந்தட்டை
05.03.2026

அன்புள்ள அனிதா,

நேற்று ஆனந்த் போனுக்குப் படம் அனுப்பியதைப் பார்த்திருப்பாய். அதே நாய்தான். பாதிக் காது, சிவப்புக் கயிறு. நேற்றோடு கடித்து இருபத்திரண்டு நாள். நல்லா இருக்கிறது, அனிதா. என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் ரோட்டில் நின்று அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னையும் கடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். கொளஞ்சியம்மாள் கடைக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. ரோட்டு நாய்க்கு யார் தட்டு வைக்கிறார்கள்? திங்கட்கிழமை மெஷினை நிறுத்திவிட்டு அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடவில்லை. டீ வாங்கிக் குடித்தேன், பேசாமல் இருந்தேன். செவ்வாயும் அப்படியே. சோளம் காய்ந்து கிடக்கிறது என்று ஆட்கள் போன் மேல் போன் போட்டார்கள், ஆஃப் பண்ணிவிட்டேன். சீசனில் இரண்டு நாள் சும்மா இருந்தால் என்ன போகும் என்று உனக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் அந்த அம்மாவே டம்ளரை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தது.

"எம்மவ நர்மதா பூலாம்பாடியில இருக்கா சார். அன்னிக்கே நாயைக் கொண்டுபோயி அங்க கட்டிட்டேன். ஆஸ்பத்திரி செலவ எந்தலையில கட்டிருவீங்கன்னு பயந்துட்டேன். பாப்பா கால்ல ரத்தம் வந்தத பாத்தேன் சார். தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன். வூட்ல சொல்லாத கண்ணுன்னு நாந்தான் சொன்னேன். சொல்லமாட்டேன்னு பாப்பாவும் சொல்லிட்டுப் போச்சு" என்றது.

எனக்குக் கையை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தது. ஆனால் செலவுக்குப் பயந்து மறைத்தவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பூலாம்பாடிக்கு வண்டியை எடுத்தேன்.

உன் முதல் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். முப்பதில் எண்பது எப்படி மிஞ்சும் என்று. எனக்குத் தெரியும், அனிதா. டிசம்பரிலிருந்தே தெரியும். ஆட்டோக்கார இளையபெருமாள் "பாப்பா இப்ப வர்றதில்லையேண்ணே" என்று சொன்னான். அரசு பஸ்ஸில் பிள்ளைகளுக்குக் காசு இல்லைதான், ஆனால் அது பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வரும். அப்படியானால் நடக்கிறாள் என்று புரிந்தது. இரண்டரைக் கிலோமீட்டர்தானே, உடம்புக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை கைதட்டும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இதை உன் அண்ணனிடம் சொல்வதானால் சொல். வீட்டுக்கு வாருங்கள்.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
09.03.2026

ஷாலினி அப்பாவுக்கு,

படத்தைப் பார்த்துவிட்டு நானும் அம்மாவும் அலங்கார அன்னை கோவிலுக்குப் போய் முழங்காலில் நின்றோம். பாப்பா படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "கயிறு இறுக்கமா இருக்கும்மா, அதான் அதுக்குக் கோவம்" என்றாள். நாலாவது ஊசியையும் கட்டாயம் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். போட்டுவிடுவேன்.

நீங்கள் தெரிந்தே விட்டீர்கள் என்று படித்ததும் கடிதத்தைக் கசக்கி அடுப்பங்கரையில் எறிந்தேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். ஏனென்றால் நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் இன்னும் எழுதவில்லை.

பத்தாம் தேதி சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன். மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆறு ஜாக்கெட் பாக்கி. பாப்பா வந்து வாசற்படியில் நின்றாள். யூனிஃபார்ம் பேன்ட் முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது. ஈரமாகவும் இருந்தது. "என்னடி இது?" என்றேன். "முள்ளுக்கம்பிம்மா" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எடுத்து ரெண்டு மாசம் ஆவுல, இதுக்கு வேற காசு கொட்டி அழணுமா? கண்ணு எங்கடி இருந்துச்சு உனக்கு?" அவ்வளவுதான். அவள் உள்ளே போய்ப் பாவாடை மாற்றிக்கொண்டு பேன்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் மெஷினில் போட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

கிழிசலைப் பார்த்தேன். அதே நிறத்தில் நூல் தேடி, வெளியே தெரியாதபடி தைத்தேன். காலைப் பார்க்கவில்லை.

அப்போது ஒரே ஒரு வார்த்தை, "அடி பட்டுச்சா" என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அந்த எட்டு நாள் தாமதத்துக்கும் உங்கள் திட்டத்தின் மேல் பழியைப் போட்டேன், அவள் வாயை அடைத்தது என் வாய். இதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குத்திக் குத்தி எழுதினேன்.

அதனால்தான் இப்போது வரப் பயமாக இருக்கிறது. நாய் பிழைத்துக்கொண்டது, பிள்ளையும் பிழைத்துக்கொள்வாள். ஆனால் நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவளைக் கொண்டுவந்து விட்டால் பழையபடி எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு மிச்சம் பிடிப்பாள். நேற்றுகூடச் செருப்பு வார் அறுந்ததை ஊக்கு குத்தி மறைத்திருக்கிறாள். பிள்ளை தனக்காக ஒரு ரூபாயாவது மனசாரச் செலவழிப்பதை என் கண்ணால் பார்க்காமல் நான் அங்கே கூட்டிக்கொண்டு வரமாட்டேன். பரீட்சை போனாலும் போகட்டும்.

அனிதா


வேப்பந்தட்டை
13.03.2026

அன்புள்ள அனிதா,

இது ஸ்பீடு போஸ்ட். கவுன்ட்டரில் எவ்வளவு என்று கேட்காமல் நோட்டை நீட்டினேன். மீதியை வாங்காமல் திரும்பிவிட்டேன், அவர்கள் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

நீ எழுதினதைப் படித்தேன். உன்னைத் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி நான் வீட்டுக்கு வந்தபோது பேன்ட் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தையல் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

இதோடு ஒரு நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன். பாப்பாவிடம் கொடு. அப்பா திட்டத்தை மாற்றிவிட்டார் என்று சொல். கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போ. சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பிடித்ததில் செலவழிக்க வேண்டும். உண்டியலில் போடக்கூடாது, எனக்கும் உனக்கும் எதுவும் வாங்கக்கூடாது. எதை வாங்கினாலும் நாம் ஒன்றும் சொல்லக்கூடாது. சொல்லாமல் இருப்பது உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம் என்று தெரியும். நான் பக்கத்தில் இல்லாதது ஒரு வகையில் நல்லது.

அவள் சேர்த்து வைத்த டப்பா பீரோவில் அப்படியே இருக்கிறது. நான் திறக்கவில்லை. அதில் நான் போட்ட பாதி இனிமேல் எனக்கு வேண்டாத காசு. அதை என்ன செய்வது என்று அவளே வந்து சொல்லட்டும்.

வீட்டில் நான் ஒருவன்தான். சோறு வடிக்கிறேன், தினமும் மிஞ்சிப்போகிறது.

செபஸ்டின்


வரதராஜன்பேட்டை
19.03.2026

அன்புள்ள ஷாலினி அப்பாவுக்கு,

நேற்று நாலாவது ஊசியும் முடிந்தது. டாக்டர் சீட்டை மடித்துக் கொடுத்து, "இனிமே வரவேண்டாம்" என்றார். திரும்பும் வழியில் ஆண்டிமடத்தில் இறங்கி உங்கள் நூறு ரூபாயை அவளிடம் கொடுத்தேன். விண்ணரசியும் கூட வந்திருந்தாள்.

நோட்டை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவை இரண்டு தடவை சுற்றினாள். ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டாள், நகர்ந்தாள். செருப்புக் கடையில் கால் நின்றது. "செருப்பு நாங்க வாங்கித் தர்றோம், அது உன் காசுல வராது" என்றேன். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று பேல்பூரிக் கடை முன்னால் நின்று, "ரெண்டு தட்டு குடுங்கண்ணா, அவளுக்குக் காரம் கம்மியா" என்றாள். ஐஸ் திருப்பிக் கொடுத்தாளே, அந்தக் கடனைத்தான் விண்ணரசிக்குத் தீர்த்தாள். நின்றுகொண்டே தின்றாள். மூக்கில் தண்ணீர் வழியத் தின்றாள்.

அடுத்தது, பட்டனை அமுக்கினால் சுற்றிக்கொண்டே மேலே பறக்கிற ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரம். முப்பது ரூபாய். மூன்றாவது தடவை பறந்தபோது பஸ் கண்ணாடியில் மோதி இரண்டாக உடைந்தது. என் வாயில் வார்த்தை வந்தேவிட்டது. "முப்பது ரூவாடி" என்று பாதி சொல்லிவிட்டேன். அவள் முகம் அப்படியே மூடிக்கொண்டது. பத்தாம் தேதி வாசற்படியில் நின்ற அதே முகம். அன்று பார்க்காமல் விட்டதை நேற்று பார்த்தேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு, "எவ்ளோ ஒசரம் போச்சு, பாத்தியா?" என்று மாற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள், நான் நடிக்கிறேனா என்று. அப்புறம் "பஸ்ஸுக்கு மேல போச்சும்மா" என்று சிரித்தாள். அந்தக் கட்டடத்தைத் தாண்டியது, இந்த ஒயரைத் தாண்டியது என்று வீடு வரைக்கும் அதே பேச்சு. உடைந்த இரண்டு துண்டும் இப்போது தலையணைக்குக் கீழே இருக்கிறது. முப்பது ரூபாய் வீண் என்று நீங்கள் நினைத்தால் மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து கையை விரிக்கச் சொன்னேன். ஒரு பத்து ரூபாய் நோட்டு இருந்தது. "எல்லாத்தையும் செலவு பண்ணணும்னு அப்பா சொன்னாருல்ல? மறுபடியும் மிச்சம் புடிக்கிறியா?" என்றேன்.

"இது மிச்சம் இல்லம்மா, செலவுதான். வேப்பந்தட்டையில எறங்கினா இளையபெருமாள் அண்ணன் ஆட்டோவுக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்புகிறோம். மதியம் இரண்டு மணிக்கு வந்து சேருவோம். பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்காதீர்கள். அவள் ஆட்டோவில் வரட்டும்.

அனிதா